'அப்பா பேர் என்ன மேன்?'

கலசப்பாக்கம், ஆரணிப் பக்கத்து ஆசாமி காட்பாடிக்குப் போய் ரயில் பிடிக்கிறார் என்று வையுங்கள். கிழக்கே போனால் அரக்கோணம், மேற்கே போனால் ஜோலார்பேட்டை. இரண்டு ஊரிலும் ஒரு காலத்தில் ரயில்வே காலனி என்றால் 'சட்டைக்காரர்'கள்தான். அதாங்க, ஆங்கிலோ இந்தியர்! ஞாயிறு மதியம் தேங்காய்ப்பால் மஞ்சள் சோறும் கைமா உருண்டைக் குழம்பும் மணக்கும்.

நம்ம சினிமா இவர்களுக்குக் கொடுத்தது ஒரு கவுன், ஒரு கிளாஸ், வரிக்கு வரி 'மேன்'! நிஜக் கதை அதைவிட சுவாரஸ்யம்.

1687. லண்டனிலிருந்து கம்பெனி டைரக்டர்கள் ஜார்ஜ் கோட்டைக்குக் கடுதாசி போடுகிறார்கள். 'சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொள்வது நல்லது. குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தரலாமா என்று யோசிக்கிறோம்' என்று. கவனியுங்கள், காசு அம்மா கைக்கு! மருமகளுக்குச் சீர் செய்ய நினைத்த கம்பெனியை வேறெங்கும் பார்த்ததுண்டா?

நூறு வருஷம்தான். பேரப் பிள்ளைகள் உத்தியோகம் கேட்டதும் கம்பெனிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 1791-ல் பெரிய பதவிகளின் கதவைச் சாத்தினார்கள். 1795-ல் பட்டாளத்திலும் கத்தரி. அப்பா, அம்மா இருவருமே ஐரோப்பியராக இல்லையா? மேளம் அடிக்கலாம், குழல் ஊதலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். அவ்வளவுதான்! ஸ்காட்லாந்து அப்பாவுக்கும் ராஜபுத்திர அம்மாவுக்கும் பிறந்த ஜேம்ஸ் ஸ்கின்னர் மராட்டிய சிந்தியாவிடம் போய்ச் சேர்ந்தார். வேடிக்கை என்னவென்றால், 1803-ல் அதே கம்பெனிக்காகக் குதிரைப்படை திரட்டியவரும் அவர்தான்.

அப்புறம் ரயிலும் தந்தியும் வந்தன, பிழைப்பு கிடைத்தது. ஆனால் வளர்கிற பையன் பாடு? வெள்ளைக்காரன் கிளப்பில் சேர்க்க மாட்டான். நம்ம ஆட்கள் 'துரை' என்று சொல்லியே ஒதுக்குவார்கள். வீட்டுப் பெரியவர்கள் 'ஹோம்' என்றால், அது அவர்கள் கண்ணாலேயே பார்க்காத இங்கிலாந்து! ரயில்வே, சுங்கம், தபால் தந்தி வேலைகளில் இருந்த சலுகையும் சுதந்திரத்துக்குப் பின் படிப்படியாகக் குறைந்து, 1960-ல் தீர்ந்தது. பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் மூட்டை கட்டினார்கள். இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1983 உலகக் கோப்பையில் 18 விக்கெட் எடுத்த ரோஜர் பின்னி யாராம்?

இப்போது சட்டத்துக்கு வருவோம். அரசியல் சட்டம் 366-வது பிரிவு, அப்பா வழியில் ஐரோப்பிய ரத்தம் இருந்தால்தான் ஆங்கிலோ இந்தியர் என்கிறது. உங்க ஆபீஸ் முருகேசன் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்ணைக் கட்டுகிறார். பிள்ளை மம்மியிடம் இங்கிலீஷ் பழகி, கிறிஸ்துமஸுக்கு 'குல்குல்' உருட்டி, பால் டான்ஸ் ஆடினாலும் ஊஹூம், சேர்த்தி இல்லை! அதே சமயம் அப்பா வழிக் கொள்ளுத் தாத்தா ஓர் ஐரிஷ்காரர் என்றால், கலசப்பாக்கத்தில் தமிழ் மீடியம் படித்து, கூழும் கருவாடுமாக வளர்ந்த பையன்கூட பக்கா ஆங்கிலோ இந்தியர். சமைத்துப் போட்டு, பாட்டுச் சொல்லி வளர்த்த அம்மா எந்தக் கணக்கில்? 1687 டைரக்டர்களுக்கு இருந்த நியாயம்கூட இதில் காணோம், சார்.

லோக்சபாவில் இவர்களுக்கு இருந்த இரண்டு நியமன சீட், சட்டசபைகளில் இருந்த நியமனம் எல்லாம் 104-வது திருத்தத்தோடு 2020 ஜனவரியில் முடிந்தன. 2011 சென்சஸ்படி நாடு முழுக்க 296 பேர்தான் என்று பார்லிமெண்டில் காரணம் சொன்னார்கள். சமூகத்தார் கொதித்துப் போனார்கள். 296-ஆ! பெரம்பூரில் ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி நடந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பார்களா? சீட் போய்விட்டது. 366-வது பிரிவின் அப்பா கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.