வட்டத்துக்கு வெளியே மானாவாரி

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரால் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். ஆற்றுத் தண்ணீர் பாயும் வயல்களில் சிலவற்றுக்குக் கிணறும் உண்டு. ஆற்றுப் பாசன நிலங்களை ஒரு கணமாகவும் கிணற்றுப் பாசன நிலங்களை இன்னொரு கணமாகவும் கொண்டால், இவற்றில் ஒன்றாவது உள்ள நிலமெல்லாம் சேர்ப்பு. இரண்டும் உள்ளது வெட்டு. பரப்பு காண இரண்டு பட்டியலையும் அப்படியே கூட்டினால் வெட்டில் கிடக்கும் நிலம் இருமுறை விழுந்துவிடும். ஒருமுறை கழித்தாக வேண்டும். இதுவரை சிக்கல் இல்லை. தகராறெல்லாம் நிரப்பியில், அதாவது கணத்துக்குள் வராதவற்றில்தான். ‘ஆற்றுப் பாசனமும் கிணறும் இல்லாத நிலத்துக்கு உதவித்தொகை’ என்று ஓர் அறிவிப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டில் ஒன்றுகூட இல்லாதவருக்கா, இரண்டும் ஒருசேர இல்லாதவருக்கா? முன்னது சேர்ப்பின் நிரப்பி. பின்னது வெட்டின் நிரப்பி; கிணறு மட்டும் வைத்திருப்பவரும் அதில் வந்து நிற்பார். சேர்ப்பின் நிரப்பி, நிரப்பிகளின் வெட்டுக்குச் சமம். வெட்டின் நிரப்பி, நிரப்பிகளின் சேர்ப்புக்குச் சமம். இந்த விதிகளுக்குப் பெயர் தந்த ஆகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இங்கிலாந்து போனார்.

அறிவிப்பைத் திருத்தி எழுதினால் போதுமே, கணங்களை வட்டங்களாக வரையும் படம் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு கணம் வரை போதும். ஆனால் இரண்டு வட்டத்துக்கும் வெளியே உள்ளதெல்லாம் மானாவாரி என்று முடிவு கட்டினால் கண்மாய்ப் பாசனம் விட்டுப்போகும். மூன்றாவது வட்டம் போட்டதும் 8 பகுதிகள் விழுகின்றன. அத்தனையையும் வாக்கியத்தில் பிசகாமல் சொல்ல முயன்று பார்த்தால் படத்தின் அருமை தெரியும். ஜான் வென் 1880-இல் வெளியிட்ட முறையின் பலமும் இதுவே. அவருக்கு முந்தைய ஆய்லர், உண்மையில் உள்ள உறவுகளை மட்டும் வட்டங்களாக வரைந்தார். வென் எல்லாப் பகுதிகளையும் முதலில் வரைந்துவிட்டு, காலியானதைப் பிறகு நிழலிட்டார். எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் தப்பாது.

வட்டங்களைச் சுற்றிய செவ்வகத்தை வெறும் சட்டம் என்று நினைப்பது தவறு. அதுதான் அனைத்துக் கணம். பள்ளத்தாக்கு வயல்களின் நிரப்பி எது? தேனி தனி மாவட்டமான 1996-க்கு முன், மதுரை மாவட்டத்தை அனைத்துக் கணமாகக் கொண்டவருக்குப் பெரியாற்றுத் தண்ணீரே பாயும் மேலூர் வயல்களும் அந்த நிரப்பியில் சேர்ந்தவை. தேனி மாவட்டத்தைச் செவ்வகமாக வரைபவருக்கு மேலூரே படத்தில் இல்லை. செவ்வகத்துக்குள் வட்டங்களைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்றால், முடியாது. திராட்சைத் தோட்டத்துச் சொட்டுநீரை நான்காவது கணமாக்கினால் 16 பகுதிகள் வேண்டும். நான்கு வட்டங்களால் 14-க்கு மேல் தர முடியாது. வென் அந்த இடத்தில் நீள்வட்டங்களுக்கு மாறினார்.