ஆறு அம்மாவா, வெறும் தண்ணீரா?

ஆடி பிறந்தால் போதும், காவிரிக் கரை ஊர்களில் பதினெட்டாம் பெருக்குக்கு ஏற்பாடு ஆரம்பித்துவிடும். தேங்காய்ச் சாதம், புளியோதரை, எலுமிச்சம்பழச் சாதம், தயிர் சாதம் என்று அடுப்படி மணக்கும். காவிரியம்மா மசக்கையாக இருக்கிறாளாம். வாய்க்கு ருசியாக அவளுக்குப் படைக்க வேண்டுமாம். காதோலை கருகமணி, மஞ்சள், பூ எல்லாம் ஆற்றுக்குக் கொடுத்து, முளைப்பாரியைக் கரைத்து, புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, கரையில் உட்கார்ந்து எல்லோருமாகச் சாப்பிட்டுவிட்டு வருவோம். ஸ்ரீரங்கத்தில் அந்த நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு வந்து காவிரிக்குச் சீர் கொடுக்கிறாரே!

"ஆறு எங்கேயாவது மசக்கையாகுமா அம்மா? மேட்டூரில் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் வருகிறது. கும்பிடுவதானால் அந்த இஞ்சினீயரைக் கும்பிடு" என்கிறாள் காலேஜ் படிக்கும் என் பெண். இப்படிக் கேட்காத பிள்ளைகள் இன்று எந்த வீட்டில் இருக்கிறார்கள்? "சாமி விஷயத்தில் வாயாடாதே" என்று அதட்டினால் வாய் மூடும், கேள்வி மூடுமா?

அவள் சொல்வது வாஸ்தவம்தான். முன்னெல்லாம் குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால், ஆடியில் வெள்ளம் தானாக வந்து சேரும். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு, 120 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி, கணக்குப் பார்த்துத் திறக்கிறார்கள். குறுவைக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் இல்லாவிட்டால் தள்ளிப் போகும். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள்; அடுத்த இரண்டே நாளில் அணை நிரம்பி, பெருக்கு அன்று கரை கொள்ளாத வெள்ளம்! மழை பொய்த்த வருஷங்களிலோ, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஷவர் போட்டுக் குளித்துப் பெருக்கு கொண்டாடியதும் உண்டு.

அப்படியானால் படையல் என்னத்துக்கு? கொஞ்சம் யோசியுங்கள், சகோதரிகளே. தண்ணீர் எப்படி வருகிறது என்று விஞ்ஞானம் சொல்லும். வந்த தண்ணீரிடம் எப்படி நடந்துகொள்வது என்று அது சொல்லாது. 'இவள் நம் வீட்டுப் பெண், வயிற்றுப் பிள்ளைக்காரி' என்று ஒரு கதையைக் கட்டினார்களே, அது படிக்காத பாமரருக்கும் அந்தப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது. முளைப்பாரியும் அப்படித்தான். நவதானியத்தை ஊறவைத்து, இருட்டறையில் முளைக்க விட்டால், எந்த விதை வீரியமானது, எது சொத்தை என்று தெரிந்துபோகும். ஆடிப் பட்டம் தேடி விதைக்கிறவர்களுக்கு இது வேண்டாமா?

ஆனால் ஒன்று. கும்பிட்டால் மட்டும் போதும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். நொய்யலும் பேரூர்ப் பட்டீசுவரர் கால்மாட்டில் ஓடும் புண்ணிய நதிதான். திருப்பூர்ச் சாயக் கழிவு கலந்தபோது அந்தப் புண்ணியம் அதைக் காப்பாற்றவில்லை. 2011-ல் ஹைகோர்ட் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லிச் சட்டம்தான் கையை ஓங்க வேண்டியிருந்தது. பாபநாசத்தில் தாமிரபரணியில் பரிகாரம் என்று பழைய துணியை அவிழ்த்து விடுகிறார்கள். அதை மூட்டை மூட்டையாக வாரி எடுக்க வேண்டியிருக்கிறது. அம்மா என்று வாயால் கூப்பிட்டு, அவள் தலையிலேயே அழுக்கைக் கொட்டுவது என்ன பக்தி?

சரி, சாமி இல்லாமல் இந்த மரியாதை வராதா? வரும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-ல் அது சரணாலயமானது. பக்கத்திலுள்ள கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வெகுகாலமாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய்க்கு வந்து குஞ்சு பொரிக்கும் பறவைகள் பயந்துவிடக் கூடாதாம்! அங்கே பறவைக்குக் கற்பூரம் காட்டவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான். பக்தியோ, பாசமோ, 'இது என்னுடையது மட்டுமல்ல' என்ற எண்ணம் வேண்டும். அது இல்லாவிட்டால் வாழ்க்கை வெறும் வரவு செலவுக் கணக்கு.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் சுமக்கவும் வேண்டாம். மஞ்சள் கயிறு மாற்றுகிற இடத்தில், கணவரை இழந்த பெண்ணை ஒதுங்கி நிற்கச் சொல்கிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. காவிரி அவள் வயலுக்குப் பாயமாட்டேன் என்றா சொல்கிறாள்? ஆற்றுக்கு இல்லாத பேதம் நமக்கு எதற்கு? அவளையும் கூப்பிட்டு, அவள் கையாலும் பூ விடச் சொல்லுங்கள்.

வருகிற பெருக்குக்கு வாழையிலை, தையல் இலை எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையும் பழைய துணியும் ஆற்றுக்கு வேண்டாம். மசக்கைக் கதையைச் சொல்லும்போதே, மேட்டூர்க் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இரண்டும் தெரிந்த பிள்ளை கும்பிட்டாலும் சரி, கும்பிடாவிட்டாலும் சரி, ஆற்றில் குப்பை போடாது. அது போதாதா நமக்கு?