அழவைத்த கதை... ஏமாற்றிய வேலி!

சில நாவல்களை மூடி வைத்த பிறகும் மனசு கனத்துக் கிடக்கும். அயர்லாந்து எழுத்தாளர் ஜான் பாய்ன் எழுதிய ‘தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்’ அப்படி ஒரு நாவல். 2006-ல் வெளியாகி, ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2008-ல் திரைப்படமாகவும் வந்தது. கடைசிப் பக்கத்தில் கண் கலங்காதவர்கள் குறைவு.

அதே நாவலைப் பற்றி 2020 ஜனவரியில் ஓர் எச்சரிக்கை வந்தது. யூத இனப்படுகொலையைப் படிப்பவர்களும் பாடம் நடத்துபவர்களும் இந்தப் புத்தகத்தைத் தவிர்ப்பது நல்லது என்றது அந்த எச்சரிக்கை. சொன்னது யாரோ ஒரு விமர்சகர் இல்லை. போலந்தில், அந்த வதை முகாம் இருந்த இடத்திலேயே இயங்கும் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆஷ்விட்ஸின் பெயரைத் தலைப்பில் வைத்து வரிசையாக நாவல்கள் வருகின்றனவே என்று குறைப்பட்டுக்கொண்டவர் ஜான் பாய்ன்தான். அதற்குப் பதிலாகத்தான் அருங்காட்சியகம் அவருடைய நாவலையே சுட்டிக்காட்டியது.

அழவைத்த கதையில் அப்படி என்ன தவறு? (நாவலின் முடிவு இங்கே பேசப்படுகிறது. இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் கவனிக்கவும்.)

கதை இதுதான்

ப்ரூனோ ஒன்பது வயது ஜெர்மன் சிறுவன். பெர்லினில் ஐந்து மாடி வீடு, நெருங்கிய நண்பர்கள் என்று சந்தோஷமாக இருக்கிறான். ஒருநாள் அப்பாவுக்குப் புது வேலை. குடும்பமே எங்கோ தனிமையான இடத்துக்குக் குடிபெயர்கிறது. அப்பா வதை முகாமின் தலைமை அதிகாரி. ப்ரூனோவுக்கோ அது என்ன இடம் என்றே தெரியாது. ஜன்னல் வழியே பார்த்தால், தூரத்தில் கோடு போட்ட ‘பைஜாமா’ அணிந்த மனிதர்கள் தெரிகிறார்கள்.

வேலி ஓரமாக நடந்து போனவன், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஷ்முயெலைச் சந்திக்கிறான். போலந்தைச் சேர்ந்த யூதச் சிறுவன். இவனுக்கும் ஒன்பது வயது. இரண்டு பேரும் பிறந்தது ஒரே நாள். ஏறத்தாழ ஒரு வருடம் வேலிக்கு இருபுறமும் உட்கார்ந்து பேசுகிறார்கள். ப்ரூனோ வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்து தருகிறான். கடைசியில், காணாமல்போன தன் அப்பாவைத் தேட ஷ்முயெல் உதவி கேட்க, ப்ரூனோவும் கோடு போட்ட உடையை மாட்டிக்கொண்டு வேலிக்கு அடியில் நுழைந்து உள்ளே போகிறான். இருவரும் கைகோத்தபடி விஷவாயு அறைக்குள் தள்ளப்படுகிறார்கள்.

நிஜத்தில் அந்த வேலி எப்படி இருந்தது?

நாவல் அந்த முகாமின் பெயரை நேரடியாகச் சொல்வதில்லை. ஆனாலும் அது ஆஷ்விட்ஸ்தான் என்பது படிக்கும் எல்லோருக்கும் புரியும். நிஜ ஆஷ்விட்ஸின் முள்வேலியில் மின்சாரம் பாய்ந்தது. இடைவெளி விட்டுக் காவல் கோபுரங்கள், துப்பாக்கியோடு காவலர்கள். முகாமைச் சுற்றி சுமார் 40 சதுர கிலோமீட்டர் நிலத்தில் குடியிருந்தவர்களை நாஜிகள் முன்பே வெளியேற்றியிருந்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் காலார நடந்து வந்து வேலியோரம் உட்கார முடியாது. அடியில் தூக்கினால் குழந்தை நுழைகிற அளவுக்கு வேலி தளர்ந்திருக்கவும் இல்லை.

வேலியைக்கூட விட்டுவிடலாம். ஷ்முயெல் அங்கே உயிரோடு இருப்பதுதான் பெரிய சிக்கல்.

ஆஷ்விட்ஸுக்கு 18 வயதுக்குட்பட்ட சுமார் 2,32,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் யூதர்கள். ரயிலிலிருந்து இறங்கிய உடனே யாரை வேலைக்கு வைத்துக்கொள்வது, யாரைக் கொல்வது என்று மருத்துவர்கள் பிரிப்பார்கள். உழைக்க முடியாத சின்னப் பிள்ளைகள் நேராக விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். விதிவிலக்குகள் இருந்தன. மெங்கலேயின் கொடூரப் பரிசோதனைகளுக்காகத் தனியே வைக்கப்பட்ட இரட்டைக் குழந்தைகள், சில காலம் குடும்பமாக அடைத்து வைக்கப்பட்டவர்கள் என்று சிலர். ஆனால், ஒன்பது வயதுப் பையன் காவலர்கள் கண்ணில் படாமல், வேலை எதுவும் இல்லாமல், வேலியோரம் தினமும் பேசிக்கொண்டிருந்தான் என்பது நடக்கவே முடியாதது. அந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் முகாமில் ஒரு நாளைக்கூடக் கடக்கவில்லை.

ஒன்றும் தெரியாத பையனா?

ப்ரூனோவின் அறியாமையும் இதே கதைதான். அவன் நாஜி உயர் அதிகாரியின் மகன். ஹிட்லர் அவர்கள் வீட்டுக்கே சாப்பிட வருகிறார். ஆனாலும், ஹிட்லர் யார், யூதர் என்றால் யார் என்று அவனுக்குத் தெரியாதாம்!

அன்றைய ஜெர்மனியில் குழந்தைகளுக்குத்தான் முதலில் விஷம் ஊட்டினார்கள். வகுப்பறையில் ஹிட்லர் வணக்கம், பாடப் புத்தகத்தில் இனவெறி, வானொலியில் பிரசாரம். யூதர்களை விஷக் காளானாகச் சித்திரித்த குழந்தைகள் புத்தகம் 1938-லேயே வந்துவிட்டது. பத்து வயதானால் ஹிட்லரின் இளைஞர் அமைப்பில் சேர வேண்டும் என்பது 1939-லிருந்து கட்டாயம். ப்ரூனோவுக்கு அதற்கு ஒரு வயதுதான் பாக்கி.

இன்னொன்று. ‘ஆஷ்விட்ஸ்’ என்பதை ‘அவுட்-வித்’ என்றும், தலைவர் என்று பொருள்படும் ‘ஃபியூரர்’ என்பதை ‘ஃப்யூரி’ என்றும் ப்ரூனோ தப்பாகச் சொல்கிறான். இரண்டுமே ஆங்கிலச் சொற்கள். ஆங்கில வாசகருக்குத்தான் அதில் அர்த்தம் கிடைக்கும். ஜெர்மன் மொழியில் பேசி வளர்ந்த பிள்ளை வாயில் அது எப்படி வரும்? ‘ஃபியூரர்’ அவனுக்கு அன்றாடம் காதில் விழும் சொல்.

அதிகாரி வீட்டு நிஜம்

ஆஷ்விட்ஸின் தலைமை அதிகாரியாக இருந்த ருடால்ஃப் ஹோஸ், மனைவி, ஐந்து குழந்தைகளோடு முகாமை ஒட்டிய வீட்டில்தான் வாழ்ந்தார். தோட்டம், பூக்கள், விளையாட இடம். வீட்டு வேலையையும் தோட்ட வேலையையும் செய்தவர்கள் கைதிகள். நாவலில் ப்ரூனோவின் அம்மா இந்த இடமே வேண்டாம், பெர்லினுக்குப் போய்விடலாம் என்று துடிக்கிறார். நிஜத்தில் நடந்தது நேர்மாறு. 1943 இறுதியில் ஹோஸுக்கு வேறு இடத்துக்கு மாற்றல் வந்தபோதும், மனைவியும் பிள்ளைகளும் அந்த வீட்டை விட்டுப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். 2023-ல் வந்து ஆஸ்கர் வென்ற ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ படம் பேசியது இந்தக் குடும்பத்தைப் பற்றித்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரிந்தே, இந்தப் பக்கம் நிம்மதியாக வாழ முடிந்தது. அந்தக் காலத்தைப் பற்றி இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டிய பயங்கரமே இதுதான். நாவல் அதை எடுத்துவிட்டு, ‘பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்பதை வைத்துவிடுகிறது.

கதைதானே, விட்டுவிடலாமே?

நியாயமான கேள்வி. ஜான் பாய்னும் இதையேதான் சொல்கிறார். நாவலுக்கு ‘ஒரு நீதிக்கதை’ என்று துணைத்தலைப்பே வைத்திருக்கிறார். முதல் வரைவை இரண்டரை நாளில், சரியாகத் தூங்காமல் எழுதி முடித்ததாகவும் சொல்லியிருக்கிறார்.

2020-ல் வந்த அவருடைய இன்னொரு நாவலில் பழங்காலச் சாயம் காய்ச்சும் முறை ஒன்று வரும். அதில் சொன்ன சில பொருள்கள் ‘ஸெல்டா’ என்ற வீடியோ கேமில் வருபவை என்று வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். இணையத்தில் தேடியபோது கிடைத்ததை அப்படியே எடுத்திருக்கிறார்! அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். சாயம் விஷயத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட இடத்தைப் பற்றிய கதையில் அது முடியாது.

நம்ப முடியாதது என்பதே குற்றம் இல்லை. ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ என்ற சித்திரக் கதையில் யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள். இதைவிட நம்ப முடியாதது உண்டா? ஆனால், அந்த எலி முகத்துக்குப் பின்னால் இருப்பது ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட ஆசிரியரின் அப்பா சொன்ன அனுபவம். 1992-ல் அதற்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. அங்கே கற்பனை உண்மையைக் கிட்டத்தில் கொண்டுவருகிறது. பைஜாமா நாவலில் அது உண்மைக்குத் திரை போடுகிறது.

கண்ணீர் யாருக்கு?

நாவலின் முடிவை மறுபடி யோசித்துப் பார்த்தால் ஒன்று புரியும். வாசகர் பதறுவது ப்ரூனோவுக்காக. ‘ஐயோ, இவன் தெரியாமல் உள்ளே போய்விட்டானே’ என்று. அப்படியானால் அந்த அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாம் தெரிந்து போனவர்களா? அங்கே இருந்திருக்க வேண்டியவர்களா?

கடைசி அத்தியாயத்தில் மகனைத் தேடித் தவிப்பது அதிகாரியின் குடும்பம். ஷ்முயெலைத் தேட அந்தக் கதையில் யாரும் மிச்சமில்லை. வாட்ச் செய்யும் அப்பா, அம்மா என்று அவனுக்கும் ஒரு வீடு இருந்தது சில பக்கங்களில் வருகிறது. ஆனால், முடிவில் அவன் ப்ரூனோவின் சோகத்துக்குத் துணைப் பாத்திரம்தான்.

இதன் விளைவு வகுப்பறையிலும் தெரிகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் இங்கிலாந்து மாணவர்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. பிள்ளைகளிடம் அதிகம் பரவியிருந்தது இந்தப் பைஜாமா கதைதான். படுகொலைக்கு ஹிட்லரும் அவரைச் சுற்றியிருந்தவர்களுமே காரணம் என்று பெரும்பாலானவர்கள் நினைத்ததும் தெரிந்தது. சாதாரண மக்களின் பங்கு அவர்கள் கணக்கில் வரவே இல்லை. இதற்கு ஒரு நாவலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால், அந்த எண்ணத்துக்கு இந்தக் கதை நன்றாகவே தீனி போடுகிறது.

நாவலுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டுத்தான் எத்தனையோ பிள்ளைகள் அந்த வரலாற்றைத் தேடிப் போனார்கள். 2022-ல் பாய்ன் எழுதிய தொடர்ச்சி, முதியவளாகிவிட்ட ப்ரூனோவின் அக்கா சுமக்கும் குற்றவுணர்வைப் பேசியது.

வேறு என்ன படிக்கலாம்?

* ஆன் ஃப்ராங்க் டைரி: 1942 ஜூலை முதல் இரண்டு வருடம் ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த சிறுமி எழுதியது. 1947-ல் வெளியானது. இங்கே பேசுவது வேலிக்கு அந்தப் பக்கத்துக் குழந்தையே.

* நம்பர் தி ஸ்டார்ஸ்: லோயிஸ் லௌரி எழுதி 1989-ல் வந்த நாவல். 1943-ல் டென்மார்க் மக்கள் 7,000-க்கும் மேற்பட்ட யூதர்களைக் கடல் வழியே ஸ்வீடனுக்குத் தப்பவைத்த நிகழ்வு பின்னணி. மோப்ப நாய்களை ஏமாற்ற ஒரு கைக்குட்டை வரும். கட்டுக்கதை போலத் தோன்றும். ஆனால், அப்படி ஒரு கைக்குட்டை நிஜமாகவே பயன்பட்டது. எது உண்மை, எது கற்பனை என்று ஆசிரியரே பின்னுரையில் பிரித்துச் சொல்கிறார்.

* ஹனாஸ் சூட்கேஸ்: கேரன் லெவின் எழுதியது. ஒரு சூட்கேஸில் இருந்த பெயரை வைத்து, ஆஷ்விட்ஸில் 13 வயதில் கொல்லப்பட்ட ஹனா பிராடியைத் தேடிய டோக்கியோ ஆசிரியை ஒருவரின் உண்மைக் கதை.

வீட்டில் பிள்ளைகள் பைஜாமா நாவலை ஏற்கெனவே படித்திருந்தாலோ, படத்தைப் பார்த்திருந்தாலோ பதற வேண்டாம். பறித்து வைக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சில கேள்விகள் கேட்டால் போதும். அந்த அம்மாவுக்கு நிஜமாகவே எதுவும் தெரியாமல் இருந்திருக்குமா? வீட்டில் காய்கறி உரித்த கைதி அதற்கு முன் யாராக இருந்தார்? ப்ரூனோ உள்ளே போகாமல் இருந்திருந்தால், அன்றைக்கு ஷ்முயெலுக்கு என்ன ஆகியிருக்கும்? அப்போதும் அழுகை வந்திருக்குமா?