திருப்புட்குழிப் பாடமும் நினைவின் உளவியலும்

நினைவை முதன்முதலில் முறையாக அளந்து பார்த்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்று கணக்கிட்டு 1885-இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நழுவிவிடுகிறது. மிஞ்சியது மெல்ல மெல்லவே மறைகிறது. இடைவெளி விட்டுத் திரும்பச் சொன்னால் அது நிலைக்கிறது.

திரும்பச் சொல்வதையே கல்வியாக வைத்திருந்த மரபு நம்முடையது. வேதபாடசாலைகளில் இன்றும் ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர்கள் இருமுறை சொல்கிறார்கள். இதற்குச் 'சந்தை' என்று பெயர். தேர்ந்தவர்கள் அடுத்துச் சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னிச் சொல்லப் பழகுவார்கள். 'ஜடை' முறையில் முதல் சொல், இரண்டாம் சொல், இரண்டாவது, முதலாவது, மறுபடி முதலாவது, இரண்டாவது என்று ஓதுவார்கள். 'கனம்' மூன்று சொற்களை இப்படிப் புரட்டுகிறது. அதில் தேறியவரே கனபாடிகள். எந்தச் சொல் பிசகினாலும் அடுத்த திருப்பத்திலேயே காது கண்டுபிடித்துவிடும். எழுத்தின் துணையில்லாமல் பிழை நீக்க இதைவிடக் கூர்மையான வழியைக் காண்பது அரிது.

மனம் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு கூறுகளையே தாங்கும் என்றார் ஜார்ஜ் மில்லர் (1956). பின்வந்த ஆய்வுகள் அதை நான்காகக் குறைத்தன. ஆனால் தனித்தனிச் சொற்களைக் கட்டாகச் சேர்த்தால் ஒவ்வொரு கட்டும் ஒரே கூறாகிவிடுகிறது. ஓதுதலின் ராகமும் நிறுத்தமும் அந்தக் கட்டைப் போட்டுத் தருகின்றன. வேத பண்டிதர்களின் மூளையைப் படமெடுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட பகுதிகளில் சாம்பல் நிறத் திசு மற்றவர்களைவிட அடர்ந்திருப்பதைக் கண்டது.

மனப்பாடத்தோடு கல்வி முடிவதில்லை. பொருளைத் துருவும் வேதாந்தப் பாடம் அதற்கு அடுத்த படி. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, விஜயராகவப் பெருமாள் கோயில் கொண்டுள்ள திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் ராமானுஜர் படித்தது அந்தப் பாடத்தைத்தான் என்கிறது வைணவ குருபரம்பரை. சாந்தோக்ய உபநிடத வாக்கியம் ஒன்றுக்கு ஆசிரியர் சொன்ன பொருளை ஏற்காமல் மாணவர் வேறு பொருள் சொன்னார் என்பது அங்கு நடந்ததாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற நிகழ்ச்சி.

ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்தார்: பழகாத சிக்கலை அவிழ்க்கும் திறன் ஒன்று, கற்றுச் சேர்த்த அறிவு மற்றொன்று. புதுப்பொருள் காண இரண்டும் வேண்டும். மூலத்தை நாவிலேயே வைத்திருப்பவரால்தான் ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு உடனே ஒப்பிட முடியும். ஆகவே மனப்பாடத்தைச் சிந்தனைக்குப் பகையாகக் காண்பது தவறு. பொருள் தேடாமல் அதோடு நிறுத்திக்கொள்வதே குறை.

இத்தனை உழைப்புக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது? எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட சோதனையில், புதிரை அவிழ்க்கக் கூலி பெற்ற மாணவர்கள், கூலி நின்றபின் அதில் முன்போல் ஈடுபடவில்லை. பின்னர் ரிச்சர்ட் ரயனோடு சேர்ந்து அவர் வகுத்த கோட்பாட்டின்படி, தன் விருப்பம், கைவந்த திறமை, மனிதர்களோடு உறவு ஆகிய மூன்றும் உள்ளிருந்து எழும் ஆர்வத்துக்கு உரமூட்டுகின்றன. யாதவப்பிரகாசர் முதுமையில் தம் மாணவரையே ஆசிரியராக ஏற்று, கோவிந்த ஜீயர் என்ற பெயரோடு துறவறம் பூண்டதாக மரபு சொல்கிறது. பரிசுக்காகப் படிப்பவர் அந்த வயதில் அப்படி ஒரு முடிவை எடுக்கமாட்டார்.