நாரை காட்டிய வழி

நீரோரத்தில் அசைவின்றி நிற்கும் நாரையை உடுப்பிட்டி மக்கள் நன்கறிவர். அவ்வூருக்கு அணித்தாயுள்ள தொண்டைமானாற்றுக் கடனீரேரியிலே அக்காட்சி புதியதன்று. தமிழ்ப் புலவரும் அப்பறவையை மறந்தாரல்லர். சத்திமுற்றப் புலவர் தம் வறுமை நிலையை மனைவிக்கு உரைக்குமாறு நாரையையே தூது விடுத்தார். மீன்களை நயமாகப் பேசி ஏமாற்றி உண்ட கொக்கின் கதையையோ பாட்டிமார் பேரர்க்குச் சொல்லி வந்தனர். தூதும் வஞ்சமும் ஒரே பறவையிடத்து அமைதல் கூடுமா? கூடும் என்று காட்டுகிறது யப்பானியச் சித்திரப்படம் ஒன்று.

அப்படத்தை ஆக்கியவர் ஹயாவோ மியாசாக்கி. 1941ஆம் ஆண்டு தோக்கியோவிற் பிறந்த அவர், 2013இல் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். எனினும் மீண்டும் எழுதுகோலைக் கையிலெடுத்தார். 2023ஆம் ஆண்டு யூலை மாதத்தில், தமது 82ஆம் வயதில், இப்படத்தை வெளியிட்டார். ‘நீங்கள் எவ்வாறு வாழப்போகிறீர்கள்?’ என்பது அதன் யப்பானியப் பெயரின் பொருள். கென்சபுரோ யொஷினோ 1937இல் எழுதிய நூலொன்றின் பெயர் அது. பிறநாட்டார் இப்படத்தைச் ‘சிறுவனும் நாரையும்’ என்று வழங்கினர். 2024இல் சிறந்த சித்திரப்படத்துக்கான ஒஸ்கார் விருது இதனை அடைந்தது.

கதை போர்க்காலத்தில் நிகழ்வது. மஹித்தோ என்னும் சிறுவனின் தாய் மருத்துவமனைத் தீயில் மடிகிறாள். தந்தை அவளுடைய தங்கையை மணந்து, மகனை நாட்டுப்புறத்து வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். புதிய இடமும் புதிய தாயும் சிறுவனுக்கு ஒவ்வவில்லை. ஒருநாள் கல்லொன்றை எடுத்துத் தன் தலையைத் தானே காயப்படுத்திக்கொள்கிறான். அப்பொழுது சாம்பல் நாரையொன்று பேசத் தொடங்குகிறது. தாய் இறக்கவில்லை என்று ஆசை காட்டி, பாழடைந்த கோபுரமொன்றை நோக்கி அவனை ஈர்க்கிறது.

குறியீடு என்பது பூட்டுக்கு ஏற்ற ஒரே திறவுகோல் அன்று. ஒரு பொருள் தானாகவும் நின்று, தன்னினும் பெரியதொன்றையும் உணர்த்துமாயின் அதுவே குறியீடாகும். நாரை கூறியது பொய்; ஆயினும் அப்பொய்யின் வழியே சென்ற சிறுவன் மெய்யைக் கண்டடைகிறான். கோபுரத்தினுள்ளே இளம்பெண்ணாய் இருந்த தன் தாயை அவன் சந்திக்கிறான். கலையின் இயல்பும் இத்தகையதே. கதை கற்பனையாயினும் அது கொண்டுசேர்க்கும் இடம் உண்மையாகும்.

அவ்வுலகிலே பிறவாத உயிர்களைக் கூழைக்கடாக்கள் விழுங்குகின்றன. அவை கொடியவை என்று எண்ணத் தோன்றும். ஆயின் இறக்குந் தறுவாயிலுள்ள முதிய பறவையொன்று, உணவில்லாத கடலில் தம்மினம் கொண்டுவந்து விடப்பட்டதெனக் கூறுகிறது. கொடுமை செய்வோரும் சில வேளைகளிற் கொடுமைக்கு இலக்கானோரே என்பதை அக்காட்சி உணர்த்துகிறது. சிறுவன் அதன் உடலை மண்ணில் அடக்கஞ் செய்கிறான்.

அவ்வுலகை ஆள்பவர் பாட்டனார் முறையினரான முதியவர். மாசற்ற பதின்மூன்று கற்களை அடுக்கி உலகைச் சமநிலையில் நிறுத்தும் பணியை மஹித்தோவிடம் ஒப்படைக்க விழைகிறார். சிறுவனோ தன் தலைத் தழும்பைக் காட்டி, அது தன்னுள்ளிருக்கும் தீமையின் அடையாளம் என்று கூறி மறுக்கிறான். குறையற்ற உலகை ஆளும் உரிமையிலும், குறையுள்ள உலகில் நண்பரைத் தேடி வாழும் வாழ்வே மேலென்று தெளிகிறான். முதியவர் மியாசாக்கியின் மூத்த தோழராய் விளங்கி 2018இல் மறைந்த இயக்குநர் இசாவோ தக்காஹத்தா என்றும், நாரை தாமே என்றும் தயாரிப்பாளர் தொஷியோ சுசுக்கி கூறியுள்ளார். அங்ஙனமாயின் இப்படம், ஆசானின் பாரத்தை அப்படியே சுமக்க மறுத்துத் தன் வழியே நடந்த மாணவனின் நன்றியுரையுமாகும்.

நேயர்கள் ஈண்டு ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். மியாசாக்கியும் போரினால் ஊர் பெயர்ந்த குழந்தையே. அவர் குடும்பத்தொழில் போர்விமானங்களுக்கு உறுப்புகள் செய்து கொடுத்தது. 1987இல் வடமராட்சிப் படை நடவடிக்கையின்போது வீடு துறந்து நடந்த சிறுவர் இன்று பெற்றோராயும் பேரரைக் கண்டோராயும் உள்ளனர். தாம் பட்டதை மறைத்து மாசற்ற உலகொன்றைப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுக்கவே அவர்களுள் பலர் விரும்புவர். அவ்விருப்பம் அன்பினாற் பிறந்தது. ஆயினும் பிள்ளைகளுக்கு வேண்டுவது அடுக்கிய கற்களன்று. தழும்பை மறையாது காட்டும் துணிவேயாகும்.

முடிவில் அவ்வுலகம் சரிகிறது. தாய் தனக்கு நேரவிருக்கும் தீயை அறிந்தும், மஹித்தோவைப் பெறும் பேற்றுக்காகத் தன் காலத்துக்கே மகிழ்வுடன் திரும்புகிறாள். சிறுவனோ அங்கிருந்து கொணர்ந்த சிறு கல்லொன்றைத் தன் சட்டைப் பையிற் காண்கிறான். பெரிய கோபுரம் வீழ்ந்தது. சிறிய கல் எஞ்சியது. முன்னோர் விட்டுச் செல்வது பெரும்பாலும் அவ்வளவே. அதனைக் கொண்டு எவ்வாறு வாழ்வது என்பதோ அவரவர் சொல்ல வேண்டிய விடையாம்.