ஒன்றாம் வகுப்பு டீச்சர்

உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்குச் செல்லும் சாலையில் அனுமந்தன்பட்டியைக் கடக்கிறவர்கள், அனுமனின் பெயர் தாங்கிய ஊரில் பரிசுத்த ஆவியின் பெயரால் எழுந்துள்ள ஆலயத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து அதிக தூரமில்லாத ராயப்பன்பட்டிக்குப் போனாலோ, திராட்சைப் பந்தல்களுக்கு அப்பால் பனிமய மாதா கோயில் தென்படும். பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோசேப்பைச் சூசையப்பர் என்றும் தங்கள் வாய்க்கு இசைந்தவாறு அழைத்துப் பழகிய ஜனங்கள் இவர்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைகூட, 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடியின் சந்ததி என்றே சொல்லப்படுகிறது. கோயிலும் அதையடுத்து ஆர்.சி. பள்ளிக்கூடமும், அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லா ஜாதி எல்லா மதத்துப் பிள்ளைகளும் என்பது இவ்வூர்களின் நெடுநாளைய அமைப்பு.

ஜூன் மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு திறப்புகளின் மாதம். மழை தகைந்த வருஷங்களில், 1895-இல் கட்டி முடிந்த பெரியாற்று அணையிலிருந்து 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதற்போகத் தண்ணீர் திறந்துவிடப்படுவது அம்மாதத்தில்தான். கோடை விடுமுறைக்குப் பின் பள்ளிக்கூடம் திறப்பதும் அம்மாதத்தில்தான். பள்ளி திறக்கும் தினத்தில் நிகழும் ஒரு சிறிய சம்பிரதாயத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். தமிழ்த்தாய் வாழ்த்தும் ஜெபமும் முடிந்தபின், பள்ளியின் தாளாளராகிய பங்குச் சாமியாரோ, தலைமையாசிரியையாகிய சிஸ்டரோ முன்வந்து, வரிசையாக நிற்கும் ஆசிரியர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகம் செய்வார்கள். பெரியவர்கள் கை தட்டுவார்கள். அன்றுதான் சேர்க்கப்பட்ட குழந்தைகளோ ஒரு பெயரையும் காதில் வாங்காமல், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, இவர்களில் யார் தன்னை அழைத்துக்கொண்டு போகப் போகிறார் என்பதை மட்டுமே விழி கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வரிசையில் எனக்கு ஒரு குறை உண்டு. தலைமையாசிரியை முதலிலும், அப்பால் ஐந்தாம் வகுப்பும் நான்காம் வகுப்புமாகப் படியிறங்கி, ஒன்றாம் வகுப்பு ஆசிரியை கடைசியிலும் வருவதே வழக்கமாயிருக்கிறது. அவர் பெயர் சொல்லப்படும்போது வெயிலும் ஏறி, கைதட்டலும் ஓய்ந்துவிடுகிறது. எழுத்தறியாத ஒரு ஜீவனை எழுத்தறியச் செய்வதைவிட அரிய காரியம் கல்வி உலகில் வேறொன்றும் இல்லையென்று நம்புகிறவன் நான்; ஆகையால், அனுபவத்தில் மிக முதிர்ந்தவரையே ஒன்றாம் வகுப்புக்கு நியமிக்க வேண்டும், அவரையே முதலில் அறிமுகம் செய்ய வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

எனக்கு முதல் எழுத்தைச் சொல்லித்தந்தவரும் இத்தகைய பள்ளி ஒன்றில் பணியாற்றியவரே. தரையில் ஆற்று மணலைப் பரப்பி, என் ஆட்காட்டி விரலைத் தம் விரல்களுக்குள் அடக்கிக்கொண்டு, 'அ'கரத்தின் சுழியிலிருந்து அவர் என்னை இழுத்துச் சென்றதும், நான் திமிறிய இடத்தில் அவசரப்படாமல் நின்றதும், மறுபடி தொடர்ந்ததும், இத்தனை வருஷங்களுக்குப் பின்னும் விரல் நுனியில் ஞாபகமாக இருக்கின்றன. புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைத்து எண்ணச் சொல்வார். எண்ணி முடித்தவனை அடுத்தவனுக்கு எண்ணிக் காட்டச் சொல்வார்.

பிள்ளைக்குப் பிள்ளையே ஆசானாகும் இந்த வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முறையாக நெடுங்காலம் இருந்துவந்தது. 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளிக்குத் தலைவராக வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தி, மூத்த மாணாக்கரைக் கொண்டு இளையோருக்குக் கற்பித்து, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் கற்பிக்க ஒரு தேசம் வழி தேடியபோது, நம் தெருத் திண்ணையின் மணல் அதற்கு உதவியது.

எழுத்தின் வடிவத்திலேயே ஆர்.சி. பள்ளிகளுக்கு ஒரு பந்தம் உண்டு. ஒன்றாம் வகுப்பு ஆசிரியை 'எ' என்று எழுதி, அதன் காலில் ஒரு சாய்கோடு இழுத்து 'ஏ' ஆக்கும்போதும், ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கிக் குறிலை நெடிலாக்கும்போதும், தாம் வீரமாமுனிவரின் கைவேலையைச் சொல்லித்தருவதை அவர் நினைக்கிறாரோ இல்லையோ, எனக்கு அந்த நினைவு வராமல் போவதில்லை. அக்காலத்தில் 'எ', 'ஒ' ஆகிய குறில்களுக்குப் புள்ளி வைப்பதே விதி. ஓலையில் புள்ளி பெரும்பாலும் விழாது. ஆதலால் குறிலும் நெடிலும் மயங்கின. நொபிலி பாதிரியார் 1606-இல் வந்து தொடங்கிய மதுரை மிஷனில், ஒரு நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்த இத்தாலியராகிய பெஸ்கி என்னும் அந்த முனிவர் (1680–1747), இம்மயக்கம் தீர நெடிலுக்குத் தனி அடையாளம் வகுத்தார் என்பர். பிறமொழிக்காரராக வந்து, தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கற்றவருக்கே குழந்தையின் கஷ்டம் நன்கு விளங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய வகுப்பறையில் மணல் இல்லை. 2007-ஆம் ஆண்டையொட்டி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆசிரியரை நாற்காலியிலிருந்து இறக்கிப் பிள்ளைகளோடு தரையில் அமர்த்தியது; சுவரின் கீழ்ப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகை வந்தது. 2022-இல் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அவரவர் கற்றிருக்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. தோட்டங்களுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இப்பெயர்கள் விளக்கம் வேண்டாமலே புரியும். எல்லா மதத்துப் பிள்ளைகளும் பயில்வதால், ஞானோபதேச வேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு புறமும், நீதிபோதனைக்கு மற்றவர்கள் ஒரு புறமும் போய் அமர்வது வழக்கம். அரசின் உதவி பெறும் இத்தகைய பள்ளியில், பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் மதபோதனையில் இருத்தலாகாது என்பது அரசியல் சாசனத்தின் 28-ஆம் விதி.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது பிள்ளையின் வயிறு. இவ்வூர்களின் தாய்மார்களில் பலர், விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு வழியாக மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். பாட்டியோ அக்காளோ எழுப்பி அனுப்பும் பிள்ளை, பழைய சோறு கிடைத்தால் உண்டு, இல்லையேல் வெறும் வயிற்றோடு வந்து அமரும். பத்து மணிக்கு மேல் அதன் கண்கள் பலகையில் நிற்பதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியபோது அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை உப்புமா உண்டு பாடம் கேட்க, அடுத்த வீட்டுப் பிள்ளை, உதவிபெறும் பள்ளியில் சேர்ந்த ஒரே காரணத்தால், மதியச் சோற்றுக்காகக் காத்திருந்தது. கிராமப்புறத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அத்திட்டம் 2024 ஜூலை 15-இல், திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பெயரிலுள்ள பள்ளியில்தான் விரிவாக்கப்பட்டது. நகர்ப்புறத்துக்கு அது எட்ட 2025 ஆகஸ்ட் ஆயிற்று. இது செய்யத்தக்க காரியம், செய்யவும் பட்டது. ஆயினும், கிராமத்தின் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டு வருஷம் என்பது அதன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு என்பதை நான் மறக்க மாட்டேன்.

அந்த வருஷங்களில் பசித்த முகம் எது என்பதை முதலில் அறிந்தவர்கள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியைகளாகத்தான் இருந்திருப்பார்கள். பெயர் கூப்பிட்டு வருகை குறிக்கையில் 'உள்ளேன் டீச்சர்' என்கிற குரலின் தொனியே அவர்களுக்கு அதைச் சொல்லிவிடும். என் டீச்சர் அப்படி அறிந்து, தம் டிபன் பாத்திரத்தைத் திறந்து யார் யாரையோ அழைத்தது உண்டு. நானும் ஒருமுறை அதில் உண்டிருக்கிறேன். அவரது பெயரை நான் அறிந்ததோ, அவர் ஓய்வு பெற்றபோது அச்சிட்ட பாராட்டு விழா அழைப்பிதழில்தான்.

சாயங்காலம், மலையிலிருந்து ஜீப்புகள் வரிசையாக இறங்கி வருகின்றன. கைகளில் ஏலக்காய் மணத்தோடு வீடு சேர்ந்த தாய், முதல் நாள் பள்ளிக்குப் போய் வந்த மகளை மடியில் இருத்திக்கொண்டு கேட்கிறாள்: "ஒங்க டீச்சர் பேரு என்ன தாயி?"

"ஒண்ணாப்பு டீச்சர்."

தாய் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளும் அந்தப் பெயரையே அறிந்தவள்.