ஒளி தேடிய செடி

அப்பா மாற்றலாகி உதகையிலிருந்து கோவைக்கு வந்தபோது, அம்மா ஆசையோடு கொண்டுவந்த ஒரே செடி காலா லில்லி. தொட்டியைக் கூடத்து மூலையில் வைத்தோம். இரண்டே மாதத்தில் தண்டுகள் ஒல்லியாய் நெடிது வளர்ந்து, சன்னல் பக்கம் சாய்ந்து மடிந்தன. சத்துக் குறைவு என்றெண்ணி யூரியா இட்டேன், இன்னும் மோசமாயிற்று. அம்மாவின் முகம் வாடியது.

தாவரவியல் பேராசிரியரிடம் கேட்டேன். "வெளிச்சம் எவ்வளவு?" என்றார். அப்போதுதான் புரிந்தது.

தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி லில்லியே அன்று. நம் சேம்பின் உறவு. நாம் தண்டென்பது இலைக்காம்பே. மெய்த்தண்டு மண்ணுக்குள் கிழங்காய் இருக்கிறது. ஒளி குறைந்தால் காம்பின் செல்கள் மிகையாய் நீள்கின்றன. நிழற்புறத்தில் ஆக்சின் மிகுவதால் அப்புறம் கூடுதலாக நீண்டு, காம்பு ஒளிப்பக்கம் வளைகிறது. தழைச்சத்து மிகுந்தால் அது மேலும் மென்மையாகும்.

நீண்ட காம்பு மீண்டும் குறுகாது. மடிந்தவற்றை அடியோடு அறுத்தேன். சாறு பட்டால் தோல் அரிக்கும், கவனம் தேவை. யூரியாவை நிறுத்தினேன். தொட்டியைப் படிப்படியாய் இளவெயில் படும் தாழ்வாரத்துக்கு நகர்த்தி, வாரம் ஒருமுறை திருப்பி வைத்தேன். புதிய இலைகள் குட்டையாய், உறுதியாய் எழுந்தன. அம்மா சிரித்தார்.

நண்பர்களே, செடி உயர்கிறதென்று மகிழுமுன், எதைத் தேடி உயர்கிறது என்றும் பாருங்கள்!